மாட்டுக்குச் சினை ஊசி போட்டு 29 நாள், 33 நாள் கழித்து மறுபடி பருவம்: தீவனம் காரணமாக இருக்குமா?

வாழப்பாடி கறவை (ஜூலை 6)

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று கறவை. அதில் ஒன்று எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, மூன்றாம் ஈத்து, பிப்ரவரி 3 கன்று போட்டது. முதல் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) ஏப்ரல் 14 அன்று. மே 5 திரும்பப் பருவம், ஊசி போட்டோம். ஜூன் 3 மறுபடி கத்தியது, மறுபடி ஊசி. இன்று காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் வழும்பு வாலில் ஒட்டித் தொங்குகிறது. கண்ணாடி மாதிரி சுத்தமாகத்தான் இருக்கிறது, சீழ் இல்லை. நஞ்சுக்கொடியும் கன்று போட்ட அன்றே விழுந்துவிட்டது.

மற்ற இரண்டும் ஒரே ஊசியில் சினை நின்றவை. இது மட்டும் ஏன்? ஊசிக்குப் பிறகு நன்றாகத்தான் கவனிக்கிறேன். சத்துப் போதவில்லையோ என்று மே மாதத்திலிருந்து புண்ணாக்கைக் கூட்டிவிட்டேன். திப்பி (ஜவ்வரிசி மில்லில் மரவள்ளி மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) சூடு, கருவைக் கரைத்துவிடும் என்று எல்லாரும் சொன்னதால் அதைச் சுத்தமாக நிறுத்திவிட்டேன். இன்றும் ஊசி போடவா, வேண்டாமா?

ஓமலூர் பட்டி

அக்கா, திப்பியை நிறுத்தியது சரிதான். எங்கள் ஊரிலும் சினைக்கு நிற்கிறவரை திப்பி வைக்க மாட்டோம். முள்ளங்கி, கற்றாழை, முருங்கை இலை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு ஊசி போடுங்கள். எங்களுக்கு ஒரு மாடு நின்றது.

கால்நடை மருத்துவர், ஓய்வு

அம்மா, முதலில் ஒரு கணக்கு. ஏப்ரல் 14லிருந்து மே 5 வரை 21 நாள். அதற்கு அப்புறம் 29, அதற்கு அப்புறம் 33. இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

கருவுற்ற முட்டை 4, 5 நாளில் கருக்குழாயை விட்டுக் கருப்பைக்குள் இறங்கும். அப்போதும் அது எங்கும் ஒட்டாது. கருப்பைச் சுவர் சுரக்கிற திரவத்தைக் குடித்துக்கொண்டு மிதந்துகொண்டிருக்கும். 7ஆம் நாள் கண்ணுக்கே தெரியாத புள்ளி. 13, 14ஆம் நாள் அரிசி அளவு. அங்கிருந்து ஒரே ஓட்டமாக வளர்ந்து 17, 18ஆம் நாளில் ஒரு சாண் நூல் மாதிரி நீண்டு கிடக்கும். 16ஆம் நாளையொட்டி அந்த நூல் இன்டர்ஃபெரான் டௌ என்கிற புரதத்தைச் சுரந்து, "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் மாடு 21ஆம் நாள் வழக்கம்போலப் பருவத்துக்கு வந்துவிடும்.

ஆக 21 நாளில் வந்தால், கருத்தரிக்கவே இல்லை, அல்லது கரு 16 நாளுக்குள் போய்விட்டது. 29, 33 நாளில் வந்தால், கரு இருந்து செய்தியும் சொல்லி, பிறகு செத்திருக்கலாம். இடையில் ஒரு பருவத்தை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தாலோ, பருவமில்லாத நாளில் ஊசி போட்டிருந்தாலோ கணக்கு மாறும். நாலு மணிக்கு எழுந்து வால் பார்க்கிறவருக்கு அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இன்று ஊசி வேண்டாம். முதலில் இவற்றைச் சொல்லுங்கள்: மே மாதத்துக்கு முன் என்ன தீவனம், இப்போது என்ன, எத்தனை கிலோ, எத்தனை லிட்டர் பால், கன்று போட்டபின் மாடு எவ்வளவு இளைத்தது.

வாழப்பாடி கறவை

ரொம்ப நன்றி டாக்டர். பால் 12 லிட்டர். முன்பு காய்ந்த திப்பி 3 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1, தவிடு 2, சோளத்தட்டு, கொஞ்சம் கோ 4 தீவனப் புல். இப்போது திப்பி இல்லை, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ, தவிடு 1, அகத்தியும் வேலிமசாலும் ஒரு பெரிய கட்டு, மீதிக்கு சோளத்தட்டு. தாது உப்பு வாங்கி வைத்தேன், மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளிவிட்டதால் விட்டுவிட்டேன். மார்ச் மாதம் இடுப்பெலும்பு துருத்தி, விலா தெரிந்தது. இப்போது தேறியிருக்கிறது.

கால்நடை மருத்துவர், ஓய்வு

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. திப்பி இரண்டிலும் இல்லை.

ஒன்று, மார்ச் மாத இளைப்பு. கன்று போட்டதும் பால் ஏறுகிற வேகத்துக்கு வயிறு ஈடு கொடுக்காது. மாடு உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். அந்தக் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்திலும், முட்டை வளர்கிற பையின் திரவத்திலும் நிற்கும். ஒரு முட்டை ஊசிக்குத் தயாராக இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். ஏப்ரலில் வெளிவந்த முட்டை பிப்ரவரி, மார்ச்சில் பட்டினி கிடந்து வளர்ந்த முட்டை. கருத்தரித்தாலும் கரு பலவீனமாக இருக்கலாம். இதனால்தான் சினை ஊசிக்கு முன்னால் கன்று போடும் சமயத்து உடம்பைப் பார்க்க வேண்டும்.

இரண்டு, நீங்கள் கூட்டிய புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம், அதில் பெரும்பகுதி பெருவயிற்றில் வேகமாகக் கரைந்து அம்மோனியாவாகும். அதை நுண்ணுயிரிகள் பிடித்துக்கொள்ள மாவுச்சத்து கூடவே வேண்டும். அந்த மாவுச்சத்துதான் திப்பி! அதை நிறுத்தி, கடலைப் புண்ணாக்கை மூன்று மடங்காக்கி, மேலே புரதம் நிறைந்த அகத்தியும் வேலிமசாலும். மிச்ச அம்மோனியா கல்லீரலில் யூரியாவாகி இரத்தம், பால், கருப்பை எல்லாவற்றிலும் கலக்கும். கரு மிதக்கிற அந்த நாட்களில் கருப்பைத் திரவத்தின் அமில காரத் தன்மை மாறும். பாலில் யூரியா நைட்ரஜன் டெசிலிட்டருக்கு 19 மில்லிகிராமைத் தாண்டினால் சினைப்பிடிப்பு குறைகிறது என்பது பழைய செய்தி. உங்கள் பாலைச் சோதித்தால் அதைத் தாண்டித்தான் இருக்கும் என்று ஊகம்.

இவை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சேலத்து மே மாத வெயிலே போதும், ஊசி போட்ட முதல் இரண்டு நாளில் கரு சூடு தாங்காது. ஆனால் நம் கையில் இருப்பது தீவனம்.

மாற்ற வேண்டியது: கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, பருத்திப் புண்ணாக்கு 1, மக்காச்சோள மாவு 1.5, காய்ந்த திப்பி 1.5, தவிடு 1. பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகத்தி, வேலிமசால் வேண்டாம். தாது உப்பு 50 கிராமை வெல்லம் கலந்த தவிட்டில் பிசைந்து கொடுங்கள். பழகிவிடும்.

ஓமலூர் தம்பி, முள்ளங்கியும் பிரண்டையும் கெடுதல் செய்யாது. தீவனத்தில் உள்ள ஓட்டையை அது அடைக்காது, அவ்வளவுதான்.

ஆத்தூர் திப்பிக்காரன்

திப்பிக்கு யாராவது பரிந்து பேசினார்களே, சந்தோஷம். ஜவ்வரிசி மில்லில் இருந்து ஈரத்திப்பியாக வாங்குகிறவர்கள் ஜாக்கிரதை. இரண்டு நாளில் புளித்து, பச்சைப் பூசணம் பிடித்துவிடும். அதை மாட்டுக்கு வைக்காதீர்கள். தரையில் பரப்பிக் காய வைத்து, கையில் உதிர்ந்தால் சரி. மரவள்ளித் தோலைப் பச்சையாகப் போடாதீர்கள், விஷம்.

ஏற்காடு காப்பித்தோட்டம்

எங்களுக்கு வெயில் பிரச்சினையே இல்லை, ஆனாலும் சினை நிற்பதில் இழுபறி. மலையில் பச்சைப்புல் ஏராளம், மாவுத் தீவனம் ஏற்றிவர வண்டி வாடகை. பாதி மாடு புல்லிலேயே வயிறு நிறைத்து இளைத்துக் கிடக்கும். டாக்டர் சொன்ன முதல் விஷயம் அப்படியே எங்கள் கதை.

வாழப்பாடி கறவை (செப்டம்பர் 21)

இரண்டு பருவம் விட்டுக் காத்திருந்தேன். வீட்டுக்காரர் திட்டினார். ஆகஸ்ட் 17 காலை மாடு பருவத்தில் நின்று கொடுத்தது, சாயங்காலம் ஊசி. 21ஆம் நாள் தூங்கவே இல்லை, 29ஆம் நாளும். இன்று 35ஆம் நாள் ஸ்கேன். திரையில் கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, அதன் நடுவில் துடிப்பு. டாக்டர், தீவனத்தை இப்படியே தொடரவா?

கால்நடை மருத்துவர், ஓய்வு

அப்படியே தொடருங்கள், ஒரு பிடிகூட மாற்றாதீர்கள். 60ஆம் நாள் கையால் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த கன்றுக்கு, கறவை வற்றுகிற மாதத்திலேயே உடம்பைக் கவனியுங்கள். கன்று போட்ட பிறகு ஆரம்பித்தால் மார்ச் மாதக் கதைதான் திரும்பும்.