ரக்பி பாக்கப் போன இடத்துல நடந்தது: குமரிக்காரங்க எழுதுங்க

முட்டம்_விளக்கு

திருவனந்தபுரம் ஏர்போர்ட் கவுண்டர்ல இருந்த பிள்ள பாஸ்போர்ட்ட ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டு, "சர்நேம் எவிடெ?"ன்னு கேட்டுச்சு. அந்தக் கேள்வி இன்னும் காதுல கெடக்கு.

துபாய் செவன்ஸுக்கு, அதாவது டீமுக்கு ஏழு பேரு ஆடுற ரக்பி போட்டிக்கு, நாங்க ஆறு பேரு. அஞ்சு பேருக்கு போர்டிங் பாஸ் கைக்கு வந்தாச்சு. ஆறாவது ஆளு பாஸ்போர்ட்டுல கிவன் நேம் வரில மட்டும் பேரு, சர்நேம் வரி காலி. விசிட் விசா இருக்கு, மேட்ச் டிக்கெட் இருக்கு, ஆளு மட்டும் போவ முடியாது. வந்த வண்டிலயே திரும்பிப் போனான்.

2022 நவம்பர்ல இருந்து அமீரகத்துல ஒத்தப் பேரு பாஸ்போர்ட்ட விசிட் விசாவுக்கு எடுக்கது இல்ல. அங்க ரெசிடென்ஸ் விசா வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அப்பா பேரு இருக்க பக்கத்த வச்சு விடலாம்னு பொறவு ஒரு தளர்வு வந்துச்சு, அது எல்லா விசாவுக்கும் செல்லாது. அத நம்பி டிக்கெட் எடுக்காதீங்க. நம்ம ஊர்ல அப்பா பேர இனிஷியலாவே வச்சுப் பழகுனவங்க எத்தன பேரு! மேட்ச் டிக்கெட் போடதுக்கு முன்ன எல்லாவன் பாஸ்போர்ட்டையும் போட்டோ எடுத்து குரூப்புல போடச் சொல்லுங்க. சர்நேம் வரி காலியா இருந்தா ரீ-இஷ்யூ, அதுல விவர மாற்றம்னு தேர்ந்தெடுக்கணும். 36 பக்கத்துக்கு 1,500 ரூபா, தத்கால்னா கூட 2,000. போலீஸ் விசாரணைக்கும் சேத்து நாள் கணக்கு போடுங்க.

இன்னொண்ணு. திருவனந்தபுரத்துல இன்டர்நேஷனல் டெர்மினல் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் இருக்கது உள்நாட்டுக்கு. ரெண்டுக்கும் நடுவுல ரன்வே கெடக்கு, நடந்து போவ முடியாது. வழில பாலராமபுரம் டிராபிக்ல மாட்டி லேட்டா வந்து, தப்பான வாசல்ல எறங்குனா கத முடிஞ்சு.

தக்கலை_தம்பி

அண்ணே, பேரு ஒரு காரணம், செரி. அதவிட பெரிய கண்ணி ஈசிஆர், அதான் பாஸ்போர்ட்டுல போடுற 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்ட்' முத்திரை. அத நீங்க எழுதவே இல்லியே.

பத்தாங்கிளாஸ் பாஸாகாத ஆளு பாஸ்போர்ட்டுல ஈசிஆர் இருக்கும். 18 நாட்டுக்கு வேலைக்குப் போவணும்னா அனுமதி வாங்கணும். அமீரகம், கத்தார், சவுதி, மலேசியா, தாய்லாந்து எல்லாம் அதுல உண்டு. ஹாங்காங், சிங்கப்பூர், ஜப்பான் இல்ல. மேட்ச் பாக்கப் போறவனுக்கு அந்த அனுமதி வேண்டாம், ஆனா ரிட்டர்ன் டிக்கெட் கைல வேணும். விசிட் விசால வேலைக்குப் போறவங்க நம்ம பக்கம் நெறைய, அதுனால எமிகிரேஷன்ல தோண்டித் தோண்டிக் கேப்பாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

ஒருத்தன்ட்ட ஆபீசர் கேட்டாரு, "ரக்பில ஒரு டீமுக்கு எத்தன பேரு?" இவன் "பதினஞ்சு சார்"னுட்டான். கைல இருக்க டிக்கெட்டுல கொட்டை எழுத்துல செவன்ஸ்! சீல் பிடிச்ச கை அந்தரத்துல நின்னுச்சு. ரக்பி யூனியன்ங்க வகைல பதினஞ்சு, இது ஏழு பேரு ஆடுற வகைன்னு வரிசைல பின்னால நின்னவன் எட்டி விளக்கம் சொன்ன பொறவுதான் சீல் எறங்குச்சு.

ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல், மேட்ச் டிக்கெட் மூணையும் பேப்பர்ல எடுத்துட்டுப் போங்க. போன்ல இருக்குன்னு சொல்லிட்டு சார்ஜ் இல்லாம நிக்காதீங்க.

கருங்கல்_அக்கா

பாஸ்போர்ட்டெல்லாம் செரியா இருந்தும் பைய தெறந்தா என்ன செய்வீங்க? "எம் மவன் அங்கதான் இருக்கான், இத மட்டும் குடுத்துருங்க பிள்ளே"ன்னு பக்கத்து வீட்டுல தந்த மசாலாப் பொட்டலம். வீட்டுலயே பிரிச்சுப் பாத்ததுல உள்ள ஒரு பாக்கெட் கசகசா. அமீரகத்துல கசகசா போதைப்பொருள் கணக்குல வரும். நம்ம குழம்புல போடுறோம்னு சொன்னா நடக்காது. டிரமடால், கோடீன் சேந்த மாத்திரையும் முன்அனுமதி இல்லாம கொண்டு போவக் கூடாது. அந்த அம்மா மொகத்துல திருப்பிக் குடுக்கதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஏத்தங்கா சிப்ஸ் மட்டும் கொண்டு போனோம்.

வடசேரி_வாத்தியார்

செவன்ஸ் பாக்கதுக்கு துபாய்தான் போணுமா? இவ்வளவு பாடும் பட்டு ஆல் ஐன் ரோட்டுல, வெட்ட வெளில, பகல் பூரா வெயில்ல காய்ஞ்சு, ராத்திரி குளிர்ல நடுங்கணுமா? ஹாங்காங் போங்க.

என் அனுபவம் ஒரு வரிதான். நூடுல்ஸ் வாங்க வரிசைல நின்னேன், கப்போட திரும்பி வந்தா ஃபிஜி ஆட்டம் முடிஞ்சு ஆளுங்க கை குடுத்துட்டு நிக்காங்க. எதுக்குக் காசு கட்டி வந்தோமோ அதுவே போச்சு.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். பாதி 7 நிமிஷம், நடுவுல 2 நிமிஷம், மறுபாதி 7. அட்டவணைய மொதல்லயே பாத்து, உங்களுக்கு வேண்டாத ஆட்டத்துல சாப்பாட்டையும் டாய்லெட்டையும் முடிச்சிருங்க. மஞ்சள் அட்டை வாங்குனா பதினஞ்சு பேரு ஆட்டத்துல 10 நிமிஷம் வெளிய, இங்க 2 நிமிஷம்தான். ஆனா ஆறு பேரு அவ்வளவு பெரிய மைதானத்தக் காக்கணும், அதுக்குள்ள ரெண்டு ட்ரை (எதிரி கோட்டத் தாண்டி பந்த தரைல வைக்கது) விழுந்துரும். ட்ரைக்குப் பொறவு கூடுதல் புள்ளிக்கு அடிக்குத கன்வர்ஷன் கிக்க, பந்த ஊணி வச்சு அடிக்க மாட்டாங்க, கைல இருந்து தரைல தட்டி எழும்பும்போது அடிப்பாங்க. புள்ளி எடுத்த டீமே மறுபடி கிக்-ஆஃப் எடுக்கும். பதினஞ்சு பேரு ஆட்டம் பாத்துப் பழகுனவங்க இந்த எடத்துல முழிப்பாங்க.

ஹாங்காங் செவன்ஸ் 1976ல தொடங்குனது. 2025ல இருந்து கை டக் ஸ்டேடியத்துல நடக்கு, 50,000 பேரு கொள்ளும், கூரை மூடலாம். டுவென் மா லைன் ரயில்ல கை டக் இல்லாட்டி சங் வோங் டாய், ரெண்டுல எதுலயும் எறங்கி நடக்கலாம். தெற்கு ஸ்டாண்ட்ல வேஷம் கட்டி ஆடுவாங்க, மேல பீர் தெறிக்கும். அது வேண்டாம்னா வேற பக்கம் சீட்டு எடுங்க.

இந்தியருக்கு விசா வேண்டாம், ஆனா முன்பதிவு ஒண்ணு உண்டு. ஆன்லைன்ல, இலவசம். முக்காவாசிப் பேருக்கு உடனே பதில் வந்துரும். ஏ4 வெள்ளத் தாள்ல பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு வச்சுக்கணும். 6 மாசம் செல்லும், ஒரு தடவைக்கு 14 நாள் இருக்கலாம். பேரு, பாஸ்போர்ட் நம்பர் ஒரு எழுத்து மாறுனாலும் அந்தச் சீட்டு செல்லாது. பதிவு நிராகரிச்சுட்டா முறையா விசா போடணும், அதுக்கு வாரக் கணக்குல ஆவும். அதுனால மொதல்ல இந்தப் பதிவு, பொறவு பிளைட், கடைசில ஹோட்டல். நம்ம ஆளுங்க இத அப்படியே தலைகீழா செய்வாங்க.

குளச்சல்_துறை

வாத்தியாரே, நூடுல்ஸ் வாங்குத நேரத்துல முடிஞ்சு போறதெல்லாம் ஒரு ஆட்டமா? நாடும் நாடும் மோதுற பதினஞ்சு பேரு டெஸ்ட் மேட்ச் பாருங்க, 80 நிமிஷம்.

2019 உலகக் கோப்பை, ஜப்பான். அக்டோபர் 12ல ஹாகிபிஸ் புயல். நியூசிலாந்து–இத்தாலி, இங்கிலாந்து–பிரான்ஸ், மறுநாள் நமீபியா–கனடா, மூணும் ரத்து. டீமுக்கு 2 புள்ளி, 0–0 டிரா கணக்கு. இத்தாலி அத்தோட வெளிய. மனசுல நிக்கது அது இல்ல. புயலுக்கு ரெண்டு நாள் முன்னாலயே, வானத்துல ஒரு மேகம் இல்லாத நேரத்துல, மொத ரெண்டு மேட்சும் இல்லன்னு அறிவிச்சுட்டாங்க. எந்த ரயில் எப்ப நிக்கும்னும் முன்கூட்டியே சொல்லியாச்சு. "ஒக்கிக்கு நமக்கு எவன்டே இப்படிச் சொன்னான்"னு கூட இருந்தவன் கேட்டான். யாரும் பதில் பேசல.

டிக்கெட் விஷயம்: அதிகாரபூர்வமா எடுத்தவங்களுக்குப் பணம் திரும்பி வந்துச்சு, எடுத்தவன் கார்டுக்கே. வெளிய யார்ட்டயோ கூடுதல் விலைக்கு வாங்குனவனுக்கு ஒண்ணும் வரல, ஏன்னா கணக்குப்படி டிக்கெட் அவன் பேருல இல்ல. கூட்டமா போனா ஒருத்தன் கார்டுலயே எடுங்க, அந்த ஒருத்தன் நம்பிக்கையான ஆளா இருக்கணும். புயலுக்கு மறுநாளே யோகோஹாமால ஜப்பான்–ஸ்காட்லாந்து நடந்துச்சு, 28–21. ஒரு ஆட்டத்துக்கு மட்டும் போறவன், இன்னும் ரெண்டு நாள் தங்குத மாதிரி ரிட்டர்ன் போடணும்னு சொல்லுதது இதுக்குத்தான்.

மார்த்தாண்டம்_தேன்

டப்ளின். அயர்லாந்துக்காரன் கிக் அடிக்க நிக்கான். கபடில ரெய்டர் போவும்போது கத்துவோம்லா, அந்தப் பழக்கத்துல நம்ம பய ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திட்டான். முன் வரிசைல ஒரு பெரியவரு மெதுவா திரும்பி, உதட்டுல வெரல் வச்சாரு. கோவம் இல்ல, கோயில்ல பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி. அப்பதான் கவனிச்சோம், அம்பதாயிரம் பேரு மூச்சு விடாம இருக்காங்க.

அயர்லாந்துல எந்த டீம் அடிச்சாலும் அமைதிதான், எதிரிக்கும் அதே மரியாதை. வேற நாட்டுல ஊளை போடுவாங்க, அத இங்க எடுத்துட்டு வரக் கூடாது. எதிர் டீம் ரசிகரு பக்கத்து சீட்டுலயே இருப்பாரு, புட்பால் மாதிரி வேலி கட்டிப் பிரிக்கது இல்ல. சீட்டுக்கே பீர் கொண்டு வரலாம்கதுனால வரிசை ஓரத்துல சீட்டு எடுத்தா எழும்பி எழும்பி வழி விட்டே ஆட்டம் போயிரும். வரிசைக்கு நடுவுல எடுங்க.

கோட்டாறு_கணக்கு

கிக்குன்னு சொன்னதும் 2025 பிப்ரவரி 22 ஞாபகம் வருது. லண்டன் ட்விக்கன்ஹாம், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுற கல்கத்தா கோப்பை. ஸ்காட்லாந்து மூணு ட்ரை, இங்கிலாந்தவிட கூடுதல். ஆனா மூணு கன்வர்ஷனும் போவல. மூணு அஞ்சு பதினஞ்சு. கடைசி கிக் ஸ்காட்லாந்து வீரரு ஃபின் ரஸ்ஸல் அடிச்சது ஓரத்துல இருந்து, போஸ்டுக்கு வெளிய போச்சு. 16–15, இங்கிலாந்து ஜெயிச்சுச்சு. ட்ரை எங்க விழுதோ அதுக்கு நேர் பின்னாலதான் கன்வர்ஷன் அடிக்கணும். ஓரமா விழுந்தா கோணம் ஒடுங்கிரும். போஸ்டுக்குப் பின்னால சீட்டு எடுத்தவனுக்குத்தான் பந்து எப்ப விலகிச்சுன்னு தெரியும். லைன்-அவுட் (ஓரக் கோட்டுல இருந்து பந்த உள்ள எறியது), பேக் லைன் (பின்னால நிக்க ஆட்டக்காரங்க வரிசை) நகர்வு பாக்கணும்னா நீளவாட்டுப் பக்கம், மேல் அடுக்கு. கீழ முன் வரிசை விலை கூட, அங்க முதுகுதான் தெரியும்.

அந்தக் கோப்பை 1878ல கல்கத்தா கிளப் கலைஞ்சப்ப, கைல இருந்த வெள்ளி ரூபாய உருக்கிச் செஞ்சது. மூணு கைப்பிடியும் நாகம், மூடில யான. நாகராஜா கோயில் ஊர்க்காரன் பாக்க வேண்டிய கோப்பைதான்.

நடுவர் பேசுதத காதுல கேக்கதுக்கு ரெஃப் லிங்க்னு ஒரு சின்ன ரேடியோ விப்பாங்க, வாங்குங்க. விசில் எதுக்குன்னு புரியாமலே பாதி ஆட்டம் போறது அதுல நிக்கும். முடிஞ்சதும் ட்விக்கன்ஹாம் ஸ்டேஷன்ல கூட்டம் பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்கும். விட்டன் ஸ்டேஷனுக்கு நடங்க, இல்லாட்டி ரிச்மண்ட் வரை போயிருங்க. ரிச்மண்ட்ல டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறுனா மாறாம ஈஸ்ட் ஹாம். எறங்குனா தமிழ்க் கடை, இட்லி, பொரோட்டா.

முட்டம்_விளக்கு

தக்கலைத் தம்பி, ஈசிஆர் எழுதாதது என் தப்புதான். வாத்தியாருக்கு ஒரு சேதி. அந்த ஆறாவது ஆளுக்குப் புதுப் பாஸ்போர்ட் வந்தாச்சு, சர்நேம் இடத்துல அப்பா பேரு. இப்ப ஹாங்காங் பதிவுல பழைய பாஸ்போர்ட் நம்பரப் போட்டு பிரிண்டும் எடுத்து வச்சிருக்கான். நீங்களே அவன்ட்ட சொல்லுங்க, நான் சொன்னா சண்டைக்கு வாரான்.