மூணாவது படிக்கிற பையன் புத்தகம் வாசிப்பான், தாளில் எழுதிக் கொடுத்தால் முழிக்கிறான். டியூஷன் போடலாமா?

கம்பத்துக்காரி:
எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் பையன் மூன்றாம் வகுப்பு. வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் இன்னும் அடிநிலையான 'அரும்பு'வில்தான் வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பெண் மேல்நிலையான 'மலர்' பிரிவில். அவள் தெருவில் வைத்து "நீ இன்னும் அரும்பா?" என்று கேட்டதிலிருந்து பையையே தொட மாட்டேன் என்கிறான். இத்தனைக்கும் வீட்டில் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான், அதே சொற்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால்தான் வாய் திறப்பதில்லை. டியூஷனுக்கு மாதம் 600 ரூபாய் கேட்கிறார்கள். அனுப்பலாமா, இல்லை பள்ளியில் சண்டை போட்டு 'மொட்டு'க்காவது மாற்றச் சொல்லலாமா?

சாக்பீஸ்:
சண்டை வேண்டாம்மா. 14 வருடமாக ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்பது ரேங்க் இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போனதைப் பிடிக்கத்தான் 2022இல் இதைத் தொடங்கினார்கள், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுக்கப் பிரித்தது. மொட்டுக்கு மாற்றினால் அவனால் முடியாத பயிற்சி கைக்கு வரும், அவ்வளவுதான்.

அவன் வாசிக்கவில்லை, பாடம் மனப்பாடம் ஆகியிருக்கிறது. படத்தைக் கையால் மறைத்து, கடைசி வரியில் நடுவே ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். 247 எழுத்து என்று பயமுறுத்துவோம், ஆனால் என் வகுப்பில் அதிகம் மாட்டுவது கொம்பில்தான். 'கா'வில் கால் பின்னால் வருகிறது, 'கெ'யில் கொம்பு முன்னால் போய்விடுகிறது, 'கொ'வில் இரண்டு பக்கமும். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது 'க்', பிள்ளை என்ன செய்யும்? 'கொடி'யை ஒருவன் 'கெகாடி' என்பான். ஒரு வாரம் ஒற்றைக் கொம்பு மட்டும் காட்டுங்கள், செடி, நெல், வெயில், பெட்டி, தினம் பத்து நிமிடம் போதும். இரட்டைக் கொம்பு அடுத்த வாரம்.

நைட்ஷிஃப்ட் அப்பா:
டீச்சர் சொல்வது சரிதான், ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், அதில் ஒருவர் பாதி நாள் செல்போனில் மதிப்பீட்டைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று நிலையையும் ஒரே அறையில் வைத்தால் யாருக்குத் தனியாக நேரம் கிடைக்கும்? அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பு எங்கள் தெருவில் சாயங்காலம் நடந்தபோதுதான் என் மகள் தேறினாள், எடுத்தது தெருக்கோடி வீட்டுப் பெண், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. டியூஷன் என்றால் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வீட்டுப்பாடம் எழுதவைத்து அனுப்புகிற இடம் என்றால் 600 தண்டம்.

மல்லிகை:
முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள். என் மகளை நான்கு வருடம் 'சோம்பேறி' என்றே சொன்னார்கள் (எந்தப் பள்ளி என்பது வேண்டாம், விடுங்கள்), ஐந்தாவதில்தான் டிஸ்லெக்ஸியா என்று தெரிந்தது. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள், எழுத்தைப் பார்த்தால்தான் முடியாது. பயமுறுத்தவில்லை, எல்லாருக்கும் அப்படி இருக்காது. ஆனால் சில மாதம் தினமும் சொல்லிக்கொடுத்தும் நேற்றைய எழுத்து இன்று மறந்தால், வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக இருக்கும் சிறப்பாசிரியர் பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

கம்பத்துக்காரி:
டீச்சர், நேற்று ராத்திரி படத்தை மறைத்துப் பார்த்தேன். 'செடி'யை 'சடி' என்றான், 'தேங்காய்' 'தங்காய்' ஆனது. கொம்பைக் கண்டுகொள்ளவே இல்லை! டியூஷனை இப்போதைக்கு விட்டுவிட்டேன், கண் டாக்டரிடம் சனிக்கிழமை போகிறோம். ஒரே தொல்லை, ஒன்றாவது படிக்கிற தம்பி எதிரே உட்கார்ந்து சிரிக்கிறான். அவனை எங்கே அனுப்புவது?

சாக்பீஸ்:
எங்கேயும் அனுப்பாதீர்கள். அண்ணன் டீச்சர், தம்பி மாணவன். கையில் சாக்பீஸைக் கொடுத்துவிடுங்கள், சுவர் போனால் போகிறது.