4294967297 என்ற எண்ணின் காரணியாக 641ஐ ஆய்லர் கண்டடைந்தது எவ்வாறு?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். 2³²+1, அதாவது 4294967297, பகா எண்ணாகவே இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். இரண்டின் அடுக்கு 1, 2, 4, 8, 16 ஆக இருக்கும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாகவே அமைவதால், அந்த நம்பிக்கைக்கு இடமிருந்தது. 1732இல் கணித அறிஞர் ஆய்லர் 4294967297ஐ 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

இதற்கு வழக்கமாகத் தரப்படும் நிரூபணம் மிகச் சிறியது. 641 = 5×2⁷+1 என்பதால், 5×2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது 641இன் மடங்குக்கு ஒன்று குறைவு); நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸இன் மீதி 1. மேலும் 641 = 5⁴+2⁴ என்பதால் 5⁴க்குப் பதிலாக −2⁴ஐ இடலாம்; உடனே 2³²இன் மீதி −1 என்று கிடைத்துவிடுகிறது. அழகான வழிதான், ஆனால் 641 என்ற எண் முன்பே கையில் இருப்பவருக்குத்தானே இது உதவும்? அந்த எண்ணை அவர் எப்படி எட்டினார்?

மறுமொழி 1:
நல்ல கேள்வி ஐயா. சிறிய பகா எண்களிலிருந்து வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116ஆவது இடத்தில். ஆய்லர் அவ்வளவு தூரம் நடக்கவில்லை. காரணி எந்த வடிவில் இருக்க முடியும் என்பதை முதலில் தீர்மானித்தார்.

ஒரு பகா எண் 2³²+1ஐ வகுக்கிறது என்று கொள்ளுங்கள். அதனால் வகுக்கும்போது 2³²இன் மீதி −1, ஆகவே 2⁶⁴இன் மீதி 1. இரண்டின் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 படிகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். அதற்கும் குறைந்த சுழற்சி என்றால் அதன் நீளம் 32ஐ வகுத்து, 2³²இன் மீதியையும் 1 ஆக்கியிருக்கும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி (p ஒற்றைப் பகா எண் என்றால், 2ᵖ⁻¹ஐ pஆல் வகுக்க மீதி 1), அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வருவதும் அச்சுழற்சியின் மடங்கு. எனவே காரணி 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருந்தாக வேண்டும். அவ்வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடர்கின்றன, ஐந்தாவதிலேயே விடை. ஃபெர்மாவின் ஊகத்தை வீழ்த்தியது அவருடைய தேற்றமே என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னதை 1878இல் கணித அறிஞர் லூக்கா இன்னும் கூர்மையாக்கினார். காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், அதைப் பொறுத்து 2 ஒரு வர்க்க மீதியாகிறது, அதாவது ஏதோ ஓர் எண்ணின் வர்க்கத்தை அக்காரணியால் வகுத்தால் மீதி 2 வரும். 2இன் சுழற்சி 64 என்பதால் அந்த எண்ணின் சுழற்சி 128; அதனால் 64க்குப் பதில் 128 என்றே கொள்ளலாம். அப்போது 641க்கு முன் எஞ்சுவது 257 மட்டுமே. அதுவும் ஃபெர்மா எண், அதாவது கேள்வியில் வந்த 3, 5, 17, 257, 65537, 4294967297 என்ற வரிசையைச் சேர்ந்தது. இரு வெவ்வேறு ஃபெர்மா எண்களுக்கு 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பதால் அதையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 6700417 பகா எண்தான் என்பதையும் இதே வழியில் கையால் உறுதி செய்ய முடியுமா?

மறுமொழி 2:
தாராளமாக முடியும். 6700417இன் பகாக் காரணி எதுவும் 2³²+1ஐயும் வகுக்கும் என்பதால் அதே வடிவில்தான் இருக்கும். அதன் வர்க்கமூலம் 2589க்குச் சற்றுக் குறைவு. அந்த எல்லைக்குள் 128இன் மடங்கைவிட ஒன்று கூடிய பகா எண்களில் 257ஐ விலக்கினால் 641, 769, 1153, 1409 ஆகிய நான்குதான் மிஞ்சும். 6700417ஐ இவற்றால் வகுக்க, முறையே 44, 120, 334, 622 மீதி வருகின்றன. ஒன்றும் மீதியின்றி வகுக்காததால் அது பகா எண்ணே.