கடல் கரையைத் தாண்டவில்லை. குளம் மட்டும் உவர்ப்பது ஏன்?

கடைமடைவாசி:
வேதாரண்யத்துக்குத் தெற்கே, மணல்மேட்டை ஒட்டிய எங்கள் ஊர்க் குளத்தில் சில ஆண்டுகளாக அல்லி பூப்பதில்லை. ஓரத்துச் சம்பு நுனியிலிருந்து பழுப்பேறிக் கருகுகிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. 2018 கஜா புயலுக்குப் பின் கடல்நீர் குளம்வரை ஏறி வந்ததை எவரும் பார்க்கவில்லை. கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் உயர்கிறது என்கிறார்கள். அவ்வளவு சிறிய உயர்வு ஒரு குளத்தைக் கெடுத்துவிடுமா?

ஊற்றுக்கண்:
கெடுக்கும். கடல் அடிவழியாகவும் வரும். மணல்மேட்டில் இறங்கும் மழைநீர், கனமான கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கே கூடுதல் என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு. அந்த ஓரடி, மோட்டார் வைத்து இறைப்பதாலோ, நிலத்தடி நீர் கடலோடு சேர்ந்து உயர இடமில்லாத தாழ்நிலத்தில் கடல் உயர்வதாலோ அரை அடியாகக் குறைந்தால், கீழே இருபது அடி நன்னீர் பறிபோகும். ஆகவே ஊரில் எவ்வளவு இறைக்கிறார்கள் என்று பார்க்காமல் கடலை மட்டும் பழிப்பது சரியன்று.

சதுப்புநிலத்தான்:
ஊற்றுக்கண் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். புல் சாவதற்கு உப்பு மட்டுமே காரணமன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டு மட்கிய தழையைச் சிதைக்கும்போது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகி வேரை நஞ்சாக்குகிறது. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில், வேர்கள் மடிந்தபின் அவை பிடித்துவைத்திருந்த மட்குச் சேறு நொறுங்கி அமர்ந்து, தரையே தாழ்ந்து, புல்வெளி திறந்த நீர்ப்பரப்பாகிய இடங்கள் உண்டு. குளக்கரைச் சேற்றை ஒரு கோலால் கிளறிப் பாருங்கள். முன்பு இல்லாத அந்த நாற்றம் வருகிறதா?

கடைமடைவாசி:
இன்று காலை நான்கு கரையிலும் கிளறினேன். மூன்று கரைகளில் மண்வாசனைதான். வடிகால் வாய்க்கால் சேரும் தென்கிழக்கு மூலையில் மட்டும் சேறு மை போலக் கறுத்து வந்தது. நாற்றத்தில் நிற்க முடியவில்லை. சம்பு முதலில் கருகியதும் அங்கேதான்.

ஊற்றுக்கண்:
அப்படியானால் என் முதல் ஊகத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். வாய்க்காலை முதலில் சந்தேகியுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே மேரி ஆற்றுச் சமவெளியில், கடல் ஓதம் ஏறும் ஓடைகள் உள்நாட்டுக்குள் நீண்டு நன்னீர்ச் சதுப்புகளில் கலந்ததால் மெலலூக்கா மரங்கள் கூட்டமாகப் பட்டுப்போயின. ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பு கட்டித்தான் நன்னீரைக் காத்து வருகிறார்கள். அமாவாசையன்று ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் வாய்க்கால் வாயிலும் குளத்து நடுவிலும் நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளந்து இங்கே எழுதுங்கள். ஏற்றத்தில் வாய்க்கால் வாயில் மட்டும் அளவு எகிறினால், உப்பு அவ்வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு மதகுப் பலகை போடச் சொல்லி ஊராட்சியிடம் கேட்கலாம்.