மேஜர் முகுந்துக்கு அசோக சக்ரா, ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா: கணக்கு என்ன?

ஏழாம்அணி:
2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் துப்பாக்கிச் சண்டையில் உயிர்விட்ட மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அசோக சக்ரா. எல்லாப் பட்டியலிலும் அதை ‘அமைதிக்கால விருது’ என்றே போடுகிறார்கள். 2020இல் லடாக்கின் கல்வானில் நடந்ததோ கல், கம்பி, கட்டைச் சண்டை. அங்கே உயிர்விட்ட ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்குப் போர்க்கால வரிசையில் வரும் வீர் சக்ரா. தலைகீழாக இருக்கிறதே? அப்படியே, ரிப்பனை வைத்து எது எந்தச் சக்ரா என்று கண்டுபிடிப்பது எப்படி? சீருடை போடாதவருக்கும் உண்டா?

பழையதகடு:
குழப்பத்துக்குக் காரணமே ‘அமைதிக்கால’ என்ற அந்தப் பட்டப்பெயர்தான். விதி சொல்வது ‘எதிரிக்கு முன்னால் அல்லாமல்’ காட்டிய வீரம். பரம்வீர், மகாவீர், வீர் மூன்றும் எதிரிக்கு முன்னால். அசோக, கீர்த்தி, சௌர்ய மூன்றும் மற்றவற்றுக்கு. தோட்டா வெடித்ததா, போர் அறிவிக்கப்பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. கல்வானில் எதிரே நின்றது சீனப் படை. முகுந்த் இருந்த ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்ற ராணுவப் பிரிவு காஷ்மீருக்குள் செய்வது தீவிரவாத எதிர்ப்புப் பணி. அதனால் அது பொதுவாக அசோக சக்ரா வரிசையில் போகும்.

கோடுகணக்கு:
மேலே சொன்னது சரி, ஆனால் ‘வேற்று நாட்டு ராணுவம் என்றால்தான் எதிரி’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு 1987இல் இலங்கையில் புலிகளோடு நடந்த மோதலுக்குப் பரம்வீர் சக்ரா. கேப்டன் சலாரியாவுக்கு 1961இல் காங்கோவில், ஐ.நா. படையில் இருந்தபோது. இரண்டிலும் இந்தியா யார் மீதும் போர் அறிவிக்கவில்லை.

ரிப்பன் விஷயம் சுலபம். அசோக வரிசை மூன்றுக்கும் கரும்பச்சை, நடுவே காவிக் கோடு. ஒரு கோடு அசோக, இரண்டு கீர்த்தி, மூன்று சௌர்ய. கோடு கூடக்கூட விருது இறங்குகிறது. பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். பதக்கம் முறையே தங்க முலாம், வெள்ளி, வெண்கலம்.

பழைய பட்டியலைப் படிக்கும்போது இன்னொரு பள்ளம் உண்டு. 1952 ஜனவரி 4இல் தொடங்கியபோது மூன்றுக்கும் பெயர் அசோக சக்ராதான்: முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. தனித்தனிப் பெயர் வந்தது 1967 ஜனவரி 27இல். வகுப்பை விட்டுவிட்டு எழுதினால் 1960இல் மூன்றாம் வகுப்பு வாங்கியவர் திடீரென்று உச்ச விருதுக்காரர் ஆகிவிடுவார். இணையத்தில் இந்தத் தப்பு நிறைய.

பழையதகடு:
மூப்பு வரிசையில் இரண்டு குடும்பமும் மாறி மாறி வரும்: பரம்வீர், அசோக, மகாவீர், கீர்த்தி, வீர், சௌர்ய. ஆகவே முகுந்த் பெற்றது பழனி பெற்றதைவிட மூன்று படி மேல். ‘அமைதி’ என்றதும் சின்ன விருது என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

நடுக்கடல்:
சீருடை இல்லாதவருக்கும் உண்டு. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட நீரஜா பானோட், அசோக சக்ரா பெற்ற முதல் பெண். துப்பாக்கியே இல்லாத கதையும் இருக்கிறது: 1984 விண்வெளிப் பயணத்துக்காக ராகேஷ் சர்மாவுக்கும், கூடப் போன இரண்டு சோவியத் வீரர்களுக்கும் அதே விருது.

ஆற்றில் விழுந்தவரை மீட்டது, தீயில் புகுந்து தூக்கியது போன்றவற்றுக்கு வேறு கதவு: ஜீவன் ரக்ஷா பதக்கம். சர்வோத்தம், உத்தம், சாதாரணம் என மூன்று படி. பாதுகாப்பு அமைச்சகம் பக்கம் போக வேண்டாம். மாநில அரசு வழியாக உள்துறை அமைச்சகத்துக்குப் போகும். ராணுவத்தினர், போலீஸ், தீயணைப்புத் துறையினருக்கு இது கிடைக்க வேண்டுமானால் தங்கள் பணியின் பகுதியாக அல்லாமல் செய்ததாக இருக்க வேண்டும்.

கேள்விக்கு வெளியே ஒன்று: பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் பி.டி.109 என்ற போர்ப் படகை 1943இல் ஜப்பானியக் கப்பல் மோதி உடைத்தது. முழுப் போருக்கு நடுவில்தான். ஆனாலும் தன் ஆட்களை மீட்டதற்கு அவருக்குக் கிடைத்தது நேவி அண்ட் மரைன் கோர் மெடல், அதாவது சண்டை சாராத வீரத்துக்கானது.

ஏழாம்அணி:
அப்படியானால் ராணுவத்தினருக்குத் தரும் சேனா மெடல் எந்தப் பக்கம்?

கோடுகணக்கு:
பக்கம் கிடையாது, இரண்டிலும் கொடுப்பார்கள். அடைப்புக்குறிக்குள் ‘கேலன்ட்ரி’ (வீரம்) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் அது சிறப்பான சேவைக்குக் கொடுத்ததாக இருக்கலாம்.