கால் குடைச்சலும் தூக்க மாத்திரையும்

மல்லிகை, கோவை:
படுத்த கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிடும். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி. வலின்னும் சொல்ல முடியாது. காலை ஆட்டியே ஆகணும். எழுந்து ஹால்ல நடந்தா அடங்கும், திரும்பப் படுத்தா மறுபடி வரும். அம்மா "கால் குடைச்சல்தான்டி, நல்லெண்ணெய் தேய்"ம்பாங்க. எண்ணெய் தேய்ச்சு, பழைய வேட்டியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிட்டும் படுத்திருக்கேன்.

டாக்டர் "தூக்கம் வரலையா?"ன்னு கேட்டார், ஏன் வரலைன்னு கேக்கல. அமிட்ரிப்டிலின்னு தூக்கம் வர்ற மாத்திரை எழுதினார். கண்ணு சொக்கும், கால் மட்டும் தூங்காது. கொஞ்ச நாள்ல சாயங்காலம் பஸ்ல உட்கார்ந்திருக்கும்போதே குடைச்சல் வர ஆரம்பிச்சிடுச்சு. சளிக்கு அவில் மாத்திரை போட்ட ராத்திரின்னா கேக்கவே வேணாம், விடிய விடிய நடைதான்.

அப்புறம் பார்த்த நரம்பு டாக்டர் நாலே விஷயம் கேட்டார். காலை அசைக்கணும்னு தோணுதா, சும்மா இருந்தா கூடுதா, நடந்தா குறையுதா, ராத்திரில அதிகமா? நாலுக்கும் ஆமாம். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், அதாவது காலைச் சும்மா வைக்க விடாத நோய்னார். ஸ்வீடன்ல எக்போம்னு ஒரு டாக்டர் 1945லயே விவரமா எழுதி வச்ச நோயாம். ஸ்கேன் எதுவும் வேணாம், உடம்புல இரும்புச் சேமிப்பு எவ்வளவுன்னு காட்டுற ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை மட்டும் பாருங்கன்னார். ஹீமோகுளோபின் 12க்கு மேல இருந்ததால யாருக்கும் சந்தேகமே வரல. ஃபெரிட்டின் 11! இந்த நோய்க்கு 75 வரைக்கும் இருந்தாலே இரும்புச்சத்து கொடுக்கலாமாம். மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் ஒழுங்கா வேலை செய்ய இரும்பு வேணும். நான் போட்ட ரெண்டு மாத்திரையுமே குடைச்சலைக் கிளப்பி விடுற ரகமாம்.

அவர் சொன்னபடி அமிட்ரிப்டிலினை மெல்லக் குறைச்சு நிறுத்தினேன். இரும்பு மாத்திரையை எலுமிச்சை ஜூஸோட போட்டேன், காபியைத் தள்ளி வச்சேன். உடனே தீரல, மாசக்கணக்காச்சு. மலச்சிக்கல் தனிக்கதை.

வைகைக்கரை:
எனக்கும் இதே நோய்தான். எனக்கு டோபமைன் மாதிரியே வேலை செய்யற ப்ரமிபெக்ஸோல் மாத்திரை கொடுத்தாங்க. முதல் ராத்திரியே கும்பகர்ணன் தூக்கம்! கோயில் கட்டிக் கும்பிடலாம்னு இருந்தேன். போகப் போக ராத்திரி வந்தது சாயங்காலம் வந்தது, அப்புறம் மத்தியானமே வந்தது, கைக்கும் பரவிடுச்சு. டோஸ் கூட்டக் கூட்ட மோசம். இந்த மாத்திரைல இது தெரிஞ்ச விஷயம்தானாம், ஆரம்பத்துல யாரும் சொல்லல. இப்ப ப்ரிகாபலின்னு வேற ரக நரம்பு மாத்திரைல ஓடுது. சட்டுனு நிறுத்திடாதீங்க, டாக்டர் படிப்படியாத்தான் இறக்கினார்.

தஞ்சாவூர் மருமகள்:
எங்க மாமாவுக்குக் கால்ல ஒண்ணுமில்ல, குறட்டைதான். தூக்கம் பத்தலைன்னு அல்பிரஸோலம்னு தூக்க மாத்திரை போட்டுட்டிருந்தார். ராத்திரி திடீர்னு குறட்டை நிக்கும், மூச்சும் நிக்கும், அத்தை தட்டி எழுப்புவாங்க. ராத்திரி தூங்கும்போது மூச்சைக் கவனிக்கிற ஸ்லீப் ஸ்டடில மணிக்கு 42 தடவை மூச்சுத் தடை. 30 தாண்டினாலே தீவிரமாம். அந்த மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி விடுமாம். இப்ப குழாய், மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்புற சிபேப் மெஷின் மாட்டிட்டுத் தூங்கறார். பிபி மாத்திரைல ஒண்ணு குறைஞ்சிருக்கு. பேரன்தான் அந்தக் குழாயைப் பார்த்து யானைத் தாத்தான்னு கூப்பிடறான்.

புது உறுப்பினர்:
மல்லிகை அக்கா, ஃபெரிட்டின் வெறும் வயித்துல எடுக்கணுமா?

மல்லிகை, கோவை:
ஃபெரிட்டினுக்கு மட்டும்னா கட்டாயமில்லம்மா. ரத்தத்துல ஓடுற இரும்பைப் பார்க்கிற சீரம் அயர்னும் சேர்த்து எழுதியிருந்தா காலைல வெறும் வயித்தோட போ. காய்ச்சல், தொற்று இருக்கும்போது எடுக்காதே, ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், குறை தெரியாமப் போயிடும்.