புது லேப்டாப்பில் ரேம் லேட்டன்சி (கேட்ட தரவு வந்து சேரும் வரை காத்திருக்கும் நேரம்) கூடியிருக்கிறது, உங்களுக்கும் இப்படியா?

பழையது இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர், டிடிஆர்4 ரேம். புதியது இன்டெலின் ஆல்டர் லேக், ரேம் எல்பிடிடிஆர்5, போர்டிலேயே சால்டர் செய்தது. இரண்டிலும் ஒரே பாயின்டர் சேஸிங் புரோகிராம்தான்: ஒரு முகவரியைப் படித்தால்தான் அடுத்தது தெரியும், பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போய் ஒரு படிப்புக்கு ஆகும் நேரத்தைக் கோடாக வரைந்தேன். பிராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவகங்களில் (கேஷ்) மிக அருகிலுள்ள எல்1 4 சைக்கிளிலிருந்து (கிளாக் துடிப்பு) 5 ஆகியிருந்தது, சரி, அளவும் 32 கேபியிலிருந்து 48 ஆகிவிட்டதே. அடுத்த அடுக்கான எல்2 256 கேபியிலிருந்து 1.25 எம்பி, அங்கே புதியது அள்ளிக்கொண்டு போனது. பஃபர் கடைசி அடுக்கான எல்3-ஐத் தாண்டி ரேமுக்குப் போன இடம்தான் மனசை உறுத்துகிறது: பழையதன் கோடு ஒரு மட்டத்தில் நின்றுவிட்டது, புதியதன் கோடு அதைக் கடந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை தலைமுறை தாண்டியும் ரேமுக்கு இவ்வளவு காத்திருப்பா?

---

எல்1-ஐ சைக்கிளில் ஒப்பிடாதீர்கள். 4 கிகாஹெர்ட்ஸில் 4 சைக்கிளும் 5 கிகாஹெர்ட்ஸில் 5 சைக்கிளும் அதே 1 நானோசெகண்ட்தான். என்னை அசத்தியது எம்1 மேக்புக். 128 கேபி வரை கோடு அசையவே இல்லை, அதுவும் 3 சைக்கிள், 3.2 கிகாஹெர்ட்ஸில். எல்1 அளவு வழக்கமாகப் பேஜ் (நினைவகத்தைப் பிரிக்கும் துண்டு) அளவை வே (கேஷில் ஒரு முகவரி உட்காரக்கூடிய இடங்கள்) எண்ணிக்கையால் பெருக்கிய அளவுக்குள் நிற்கும். அங்கே பேஜ் 16 கேபி, 8 வே வைத்தாலே 128 வந்துவிடும். 4 கேபி பேஜில் அதே கணக்குப் போட்டால் 8 வேக்கு 32, 12 வேக்கு 48, அவ்வளவுதான் இடம். எல்பிடிடிஆர் மின்சாரத்தை மிச்சப்படுத்தவும் பேண்ட்வித்துக்கும் (ஒரு நொடியில் நகரும் தரவின் அளவு) வந்தது, லேட்டன்சிக்காக அல்ல, அதனால் நீங்கள் பார்த்ததில் எனக்கு வியப்பில்லை.

---

இருவரும் எல்3-ஐ விட்டுவிட்டீர்கள். ஏஎம்டியின் ரைசன் 4800எச்-ல் எல்3 8 எம்பி என்று போட்டிருக்கும், உள்ளே நான்கு கோருக்கு 4 எம்பி என்று இரண்டு துண்டு. என் 6 எம்பி டேபிள் அதில் அடங்காமல் ரேமுக்கே ஓடியது. 5800எச்-ல் 16 எம்பி ஒரே துண்டு, அதே கோட் ரேம் பக்கமே போகவில்லை.

முதலில் எழுதியவருக்கு: 4 கேபி பேஜில் ஓட்டியிருந்தால் பஃபர் பெரிதாகப் பெரிதாக டிஎல்பி (சமீபத்தில் தேடிய பேஜ் முகவரிகளை வைத்திருக்கும் சிறு அட்டவணை) மிஸ்ஸும் சேரும், பேஜ் டேபிளில் தேடுகிற நேரமும் உங்கள் எண்ணுக்குள் வந்துவிடும், அதனால் 2 எம்பி ஹியூஜ் பேஜில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாயின்டர் வரிசையை நன்றாகக் கலைத்துவிடுங்கள், முகவரிகள் அடுத்தடுத்து இருந்தால் பிரீஃபெட்சர் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடும். லினக்ஸின் டாஸ்க்செட் கட்டளை போட்டு ஒரு பி-கோரிலேயே (வேகமான கோர்) கட்டிவையுங்கள், இ-கோருக்கு (மின்சாரம் மிச்சப்படுத்தும் சிறு கோர்) தாவினால் நான்கு கோருக்குப் பொதுவான 2 எம்பி எல்2, கதையே வேறு. சார்ஜரையும் மாட்டிவிடுங்கள், பேட்டரியில் கிளாக் இறங்கும்.

---

ஹியூஜ் பேஜில் ஓட்டினேன், பி-கோரில், சார்ஜரில். கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய டிடிஆர்4-ஐ இன்னும் தொடவில்லை. என் வேலை பெரிய கிராஃபில் ஒரு முனையிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது, ஒன்று வந்தால்தான் அடுத்த முகவரியே தெரியும், அங்கே பேண்ட்வித் எவ்வளவு இருந்தும் பயனில்லை. எஸ்ஓ-டிம் (கழற்றி மாட்டும் ரேம் பலகை) டிடிஆர்5 போட்ட ஆல்டர் லேக் யாரிடமாவது இருந்தால் எண்களைப் போடுங்கள்.